சவரக்கத்தியின் அலகும் பிடியும்: தொற்றுநீக்கம் குறித்த ஓர் ஆய்வு

கேள்வியின் அமைப்பு

ஒருவர் முகத்தில் பட்ட சவரக்கத்தி அடுத்தவர் முகத்துக்குப் போகும் முன் அதில் ஒட்டியிருக்கும் நோய்க்கிருமி அழியவேண்டும்; அழிக்கும் முயற்சியில் கத்தியின் பிடி வெடிக்கவோ வளையவோ வெளுக்கவோ கூடாது. இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்றுவது எப்படி என்ற கேள்விக்கு, ஜோசப் லிஸ்டர் 1860களில் கார்பாலிக் அமிலத்தை அறுவை மருத்துவத்துக்குள் கொண்டுவந்த காலம் தொட்டுப் பல விடைகள் சொல்லப்பட்டு வந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை அலகைக் காப்பாற்றிப் பிடியைக் கைவிட்டன, அல்லது பிடியைப் போற்றி அலகின் மீதான ஐயத்தை அப்படியே விட்டுவைத்தன.

இதற்குக் காரணம் கருவியின் உருவாக்கத்திலேயே இருக்கிறது. மடக்குச் சவரக்கத்தி என்பது ஒற்றைப் பொருளன்று. ஒரு பக்கம் மெல்லிதாகத் தேய்த்து எடுத்த எஃகு அலகு. மறுபக்கம் கொம்பு, மரம், தந்தம், பிளாஸ்டிக் போன்ற ஏதோ ஒன்றால் ஆன இரண்டு தகடுகள். இரண்டையும் இணைப்பது ஒரு சிறிய ஆணி. எஃகுக்கு ஒத்துக்கொள்ளும் மருந்து கொம்புக்கு ஒத்துக்கொள்ளாது. கொம்புக்கு இதமான துடைப்பு, ஆணியைச் சுற்றியுள்ள இடுக்கை எட்டாது. தமிழகத்தில் முடிதிருத்தும் தொழில் செய்தோர் தங்கள் கருவிகளை வைத்திருந்த பைக்கு அடைப்பம் என்று பெயர். கத்தி, கத்தரி, தீட்டுக்கல், தோல்வார், கிண்ணம் எல்லாம் அந்த ஒரே பைக்குள் தகப்பன் கையிலிருந்து மகன் கைக்குப் போன சொத்து. ஆகவே பிடியைக் காப்பது அழகுணர்ச்சி சார்ந்த கவலை மட்டுமன்று. அது பிழைப்பைக் காப்பதுமாகும்.

விவாதத்துக்குள் செல்லும் முன் மூன்று சொற்களைப் பிரித்தறிவது அவசியம். அழுக்கு, மயிர், சோப்பு, இரத்தம் ஆகியவற்றை நீக்குவது துப்புரவு. நோய் உண்டாக்கும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவற்றை, பாக்டீரிய வித்துக்களைத் தவிர, அழிப்பது தொற்றுநீக்கம். வித்துக்கள் உட்பட எல்லா நுண்ணுயிரையும் ஒழிப்பது நுண்ணுயிரொழிப்பு. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் எர்ல் ஸ்பால்டிங் 1950களிலும் 60களிலும் வகுத்த முறைப்படி, முழுமையான தோலை மட்டும் தொடும் கருவிக்குக் குறைந்த அளவுத் தொற்றுநீக்கம் போதும். சிதைந்த தோலையோ சளிச்சவ்வையோ தொடும் கருவிக்கு உயர் அளவு வேண்டும். உடலின் உட்பகுதிக்குள் செல்லும் கருவிக்கு நுண்ணுயிரொழிப்பே வேண்டும். சவரக்கத்தி இம்மூன்று படிகளுக்கும் இடையில் ஊசலாடுகிறது என்பதே சிக்கலின் வேர். மழிக்கத் தொடங்கும்போது அது முதல் படியில் இருக்கிறது; தாடையோரத்துப் பரு ஒன்றைச் சீவிவிட்டால் அடுத்த நொடியே மேல்படிக்குப் போய்விடுகிறது. பிடியோ எப்போதும் கீழ்ப்படியிலேயே இருப்பதாகக் கருதப்பட்டு வந்திருக்கிறது. அந்தக் கருத்து எவ்வளவு சரி என்பது பின்னர் ஆராயப்படும்.

எதற்கு அஞ்சவேண்டும் என்பதிலும் காலத்துக்குக் காலம் மாற்றம் உண்டு. முதலில் அஞ்சப்பட்டவை தாடிப்பகுதியில் வரும் சீழ்க்கொப்புளமும் படர்தாமரையும். 1965இல் பாரூக் பிளம்பர்க் ஹெபடைடிஸ் பி வைரஸின் புரதத்தைக் கண்டறிந்த பிறகும், 1986இல் சென்னையில் சுனிதி சாலமன் தலைமையிலான ஆய்வில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் உறுதியான பிறகும், 1989இல் ஹெபடைடிஸ் சி இனங்காணப்பட்ட பிறகும் அச்சம் இரத்தத்தின் பக்கம் திரும்பியது. மக்கள் பேச்சில் எச்.ஐ.வி.யே முன்னிற்கிறது. ஆனால் கிருமியுள்ள ஊசி குத்தினால் தொற்று ஏற்படும் வாய்ப்பு எச்.ஐ.வி.க்கு ஏறத்தாழ 0.3 விழுக்காடும், ஹெபடைடிஸ் சி.க்கு ஏறத்தாழ 1.8 விழுக்காடும், தடுப்பாற்றல் இல்லாதவரிடம் ஹெபடைடிஸ் பி.க்கு 6 முதல் 30 விழுக்காடு வரையும் என்று மருத்துவ நூல்கள் மதிப்பிடுகின்றன. உலர்ந்த இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸ் குறைந்தது 7 நாள்கள் வீரியத்தோடு இருக்கக்கூடும். சவரக்கத்தியைப் பற்றிய எந்த விடையையும் இந்த ஏழு நாள் கணக்கை வைத்தே உரசிப்பார்க்கவேண்டும்.

பிடியாகும் பொருள்கள்

பிடி கெடுவது பற்றிய பொதுப்படையான அறிவுரைகள் பயன்படாமல் போவதற்குக் காரணம், பிடி எதனால் ஆனது என்று அவை கேட்பதில்லை. எருமைக் கொம்பு கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. மனிதரின் நகமும் மயிரும் அதே புரதம்தான். வெந்நீரில் அது இளகி வளையும், உலரும்போது கோணிக்கொள்ளும். புரதத்தைக் கரைக்கும் பிளீச்சிங் கரைசல் அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும். தந்தமும் எலும்பும் ஈரத்தை உறிஞ்சி உப்பி, உலரும்போது வெடிக்கும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் தந்தத்தின் வணிகத்தை முற்றிலும் தடுத்துவிட்டதால், வெடித்த தந்தப்பிடிக்கு மாற்றாக வேறொரு தந்தப்பிடி தேட வழியில்லை.

செல்லுலாயிடு தனிக்கவனம் வேண்டுவது. நைட்ரேட்டு ஏற்றிய செல்லுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்து 1870ஐ ஒட்டி ஜான் வெஸ்லி ஹயட் உருவாக்கிய இப்பொருள், தந்தம் போலவும் ஆமையோடு போலவும் தோற்றம் காட்டக்கூடியதாகையால் ஏராளமான கத்திகளுக்குப் பிடியாயிற்று. கொதிநீரின் வெப்பத்திலேயே அது மென்மையாகிவிடும். தீப்பட்டால் சட்டெனப் பற்றிக்கொள்ளும். ஆல்கஹாலில் ஊறவைத்தால் கற்பூரம் வெளியேறி மேற்பரப்பு சுருங்கும். வயதாகிச் சிதையத் தொடங்கிய செல்லுலாயிடு வெளிவிடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, மடக்கி வைத்திருக்கும் அலகையே அரித்துவிடும். மருந்து பிடியைக் கெடுப்பது பற்றியே பேசப்படுகிறது. ஆனால் பிடியும் அலகைக் கெடுக்கும். கந்தகம் ஏற்றிக் கடினமாக்கிய ரப்பரான எபனைட் வெந்நீரிலும் வெயிலிலும் கருமை இழந்து பழுப்பாகும். அரக்கு மெருகேற்றிய மரப்பிடியில் ஆல்கஹால் பட்டால் மெருகு கரையும். அக்ரிலிக் பிடியில் அதே ஆல்கஹால் மயிரிழை போன்ற வெடிப்புகளை உண்டாக்கும். இத்தனைக்கும் பெரும்பாலும் அசையாதது துருப்பிடிக்காத எஃகுப் பிடி ஒன்றே.

வெப்பத்தை நம்பியவர்கள்

பழைமையான விடை வெப்பம். 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் நீரில் சில நிமிடங்கள் கிடந்தால் பொதுவான பாக்டீரியாக்களும் வைரஸ்களும் இறந்துவிடும், விலை மலிவு, கருவிக்கு எந்த நச்சும் ஒட்டாது. மருத்துவமனைகளில் பயன்படும் நீராவிக்கலன் 121 பாகையில் வித்துக்களையும் ஒழிக்கும். கிருமியின் பக்கமிருந்து பார்த்தால் இதைவிடச் சிறந்த விடை இல்லை. பிடியின் பக்கமிருந்து பார்த்தால், மேலே சொன்ன பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு இதைவிடக் கொடிய விடையும் இல்லை.

அலகுக்கு வெப்பம் முற்றிலும் தீங்கற்றது என்ற எண்ணமும் திருத்தத்துக்குரியது. எஃகைப் பழுக்கக் காய்ச்சி நீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்திய பின், ஏறத்தாழ 150 முதல் 200 பாகை வரையிலான மிதவெப்பத்தில் பதப்படுத்தியே சவர அலகுக்குப் பக்குவம் ஏற்றப்படுகிறது. கொதிநீரும் நீராவிக்கலனும் அந்த அளவை எட்டாததால் பக்குவம் கெடாது. ஆனால் ஈரம் விளிம்பில் துருவைத் தொடங்கிவைக்கும். 160 முதல் 170 பாகையில் ஒன்றிரண்டு மணிநேரம் நடக்கும் உலர்வெப்ப முறையோ அந்தப் பக்குவ எல்லைக்குள்ளேயே கால்வைக்கிறது. கத்தியைத் தீயில் காட்டி எடுக்கும் பழக்கம் இவை எல்லாவற்றினும் மோசமானது: விளிம்பு அவ்வளவு மெல்லியதாகையால் கண்ணிமைக்கும் நேரத்தில் நீலம் பாரித்துப் பதம் இழந்துவிடும், அதன்பின் எத்தனை தீட்டினாலும் கூர்மை நிற்காது.

குப்பியில் தேடிய விடை

வெப்பம் கைகொடுக்காத இடத்தில் இரசாயனம் நுழைந்தது. கார்பாலிக் அமிலம் தோலையும் பிடியின் மெருகையும் ஒருங்கே சுட்டது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மேலைநாட்டுச் சவரக்கடைகளில் ஃபார்மலின் ஆவி நிரம்பிய பெட்டிகள் இடம்பிடித்தன. திரவத்தில் நனையாமலே கருவி தூய்மையாகும் என்பதால் பிடிக்கு அது நல்ல ஏற்பாடாகத் தோன்றியது. மூடிய பெட்டியில் அந்த ஆவி போதிய அளவு எட்டுகிறதா என்ற ஐயம் ஒருபுறமிருக்க, ஃபார்மால்டிஹைடு மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்திய பின் அந்த விடை செல்லாக்காசாயிற்று.

1947இல் அமெரிக்காவில் மாரிஸ் கிங் உருவாக்கிய பார்பிசைடு என்ற நீலநிறக் கரைசல், சவரக்கடைகளுக்கென்றே பிறந்த முதல் பெரிய விடை எனலாம். அதன் அடிப்படை நான்கிணைய அம்மோனியச் சேர்மம் எனப்படும் நேர்மின்னேற்றமுள்ள தொற்றுநீக்கி. துருவைத் தடுக்கும் பொருளும் அதில் சேர்க்கப்பட்டது. பத்து நிமிடம் கருவி முழுதும் மூழ்கியிருக்கவேண்டும் என்பது விதி. உலோகத்துக்கும் பெரும்பாலான பிளாஸ்டிக்குக்கும் இது சாதுவானது. கொம்புக்கும் தந்தத்துக்கும் பத்து நிமிட மூழ்கலே தொல்லை. இவ்வகைச் சேர்மத்தின் மற்றொரு பலவீனம் சவரக்கடைக்கு மிக நெருக்கமானது: சோப்பின் எதிர்மின்னேற்றம் இதைச் செயலிழக்கச் செய்கிறது. சவர நுரை கழுவப்படாத கத்தியைக் குப்பிக்குள் போட்டால், கிருமியைக் கொல்லவேண்டிய மருந்து நுரையோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். செட்ரிமைடும் குளோர்ஹெக்சிடினும் கலந்த சாவ்லான் வகைக் கரைசல்களுக்கும் இதே குறை உண்டு.

தமிழகக் கடைகளில் மிகப் பரவலாகக் காணப்படுவது டெட்டால் கலந்த பால்நிறத் தண்ணீர். அதிலுள்ள குளோராக்சிலெனால் என்ற சேர்மம் பாக்டீரியாக்கள் பலவற்றின்மீது நன்றாக வேலை செய்தாலும், காலையில் கலக்கிய கிண்ணம் மாலைவரை மயிரும் நுரையும் சேர்ந்து மங்கிக் கிடக்கும்போது அதன் ஆற்றல் பெரிதும் குறைந்துவிடுகிறது. நீரின் தன்மையும் கணக்கில் வரும். ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையின் கடலோரமான மீஞ்சூர் பக்கம் 1960களின் இறுதியிலிருந்தே கடல்நீர் நிலத்தடிநீருக்குள் ஊடுருவி வந்துள்ளது. உப்பேறிய அத்தகைய நீரில் கலக்கும் எந்தக் கரைசலும் கரிம எஃகு அலகில் துருவை விரைவுபடுத்தும். படுகையின் மேற்பகுதியான ஊத்துக்கோட்டையில் அந்தத் தொல்லை குறைவு.

ஆல்கஹாலின் கதை சற்று வேறு. 60 முதல் 90 விழுக்காடு வரையிலான ஆல்கஹால் சிறந்த தொற்றுநீக்கி. தூய ஆல்கஹாலைவிட நீர் கலந்ததே வலிமையானது, ஏனெனில் புரதம் திரிவதற்கு நீர் வேண்டும். அலகில் அது எச்சம் விடாமல் உலர்வதால் துருவும் குறைவு. ஆயினும் அது வித்துக்களைக் கொல்லாது. உலர்ந்த இரத்தத்தின் உள்ளே ஊடுருவாது. சில நொடிகளில் ஆவியாகிவிடுவதால் தேவையான நேரம் மேற்பரப்பை ஈரமாக வைத்திருக்காது. 2020 மே மாத இறுதியில் ஊரடங்குத் தளர்வோடு தமிழகத்தின் பல பகுதிகளில் முடிதிருத்தகங்கள் மீண்டும் திறந்தபோது சானிடைசரைப் பீச்சியடிக்கும் வழக்கம் ஊன்றியது. எளிதில் அழியும் கொரோனா வைரஸுக்கு அது பொருந்தியது. அதே ஒற்றைப் பீச்சல் இரத்தக்கறைக்கும் போதும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தின் பக்கவிளைவாகத் தங்கிவிட்டது. இது திருத்தப்படவேண்டிய நம்பிக்கை.

பிளீச்சிங் கரைசல் இரத்தத்தின்மீது நம்பகமானது, எஃகுக்கு எமன். இரண்டு விழுக்காட்டு குளுட்டரால்டிஹைடு உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் அரிப்பதில்லை. ஆனால் அதன் ஆவி கண்ணையும் மூச்சையும் வருத்தும், தோல் பதனிடவும் பயன்படும் அது புரதத்தோடு பிணைவதால் கொம்பில் மஞ்சள் ஏற வாய்ப்புண்டு. பல கடைகளில் எரியும் புறஊதா விளக்குப் பெட்டி பிடியை நனைக்காதது உண்மை. எனினும் அந்த ஒளி நேர்க்கோட்டில் பட்ட இடத்தை மட்டுமே தொடும்; நிழல் விழுந்த இடுக்கில் அதற்கு வேலையில்லை. சவரக்கத்தியில் ஐயத்துக்குரிய இடமே அந்த நிழலிடுக்குத்தான். படிகாரக்கல்லைப் பற்றி ஒரு சொல் போதும்: அது குருதியை நிறுத்தும், தொற்றை நீக்காது, ஒரே கல்லைப் பலர் முகத்தில் தேய்ப்பது தானே ஒரு தொற்றுவழி.

எண்ணெயும் உலர்வும்

கத்தியை நேசிப்பவர்கள், குறிப்பாகப் பழைய கத்திகளைச் சேகரித்துப் பேணுபவர்கள், மேலே கண்ட எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். உலர்ந்த துணியால் துடைத்து, அலகில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இட்டு, காற்றாட வைத்தால் போதும் என்பது அவர்கள் நிலைப்பாடு. பொருளைக் காக்கும் நோக்கில் இது மிகச் சரி. ஒரே ஆள் பயன்படுத்தும் கத்திக்கு இதுவே ஏறத்தாழ முழு விடையும்கூட. பலர் பயன்படுத்தும் கத்திக்கு இது விடையாகாது. உலர்வு எச்.ஐ.வி.யைச் சில மணிநேரத்தில் பெருமளவு செயலிழக்கச் செய்தாலும் ஹெபடைடிஸ் பி.யைச் செய்வதில்லை. எண்ணெய்ப் படலமோ பின்னர் ஊற்றும் மருந்துக்கும் கிருமிக்கும் இடையே திரையாகவும் நிற்கக்கூடும்.

இந்த நிலைப்பாட்டாரும் வேதியியல் கட்சியாரும் ஒருசேர மறந்த ஒன்று தோல்வார். தொற்றுநீக்கிய அலகைத் தோலில் இழுத்துத் தீட்டினால், முந்தைய கத்தி விட்டுச்சென்றது இந்தக் கத்திக்கு ஏறும். தோலை வேகவைக்க முடியாது. மருந்தில் ஊறவைத்தால் விறைத்துப் பாழாகும். உள்ளங்கையில் தீட்டும் வழக்கத்திலோ தொழிலாளியின் தோலே வாராகிறது. தீட்டிய பிறகே தொற்றுநீக்கவேண்டும் என்ற வரிசையைக் கடைப்பிடித்தால் இச்சிக்கல் ஓரளவு தணியும். அந்த வரிசையை வலியுறுத்தும் குரல்கள் குறைவு.

அரைபிளேடு வந்த பின்

1990களில் எய்ட்ஸ் விழிப்புணர்வு தமிழகமெங்கும் பரவியது. 1994இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. அக்காலத்திலிருந்து தீட்டும் கத்தி படிப்படியாக விலகி, பிளேடு மாற்றும் கத்தி அந்த இடத்துக்கு வந்தது. இருமுனை பிளேடை உறையோடு நடுவில் மடித்து, படக்கென்று இரண்டாக ஒடித்து, காகிதத்தை உருவிவிட்டு, ஒரு பாதியைக் கத்தியின் தாடைக்குள் செருகுவதை இன்று எந்தச் சிற்றூர்க் கடையிலும் காணலாம். திருத்தணியிலும் பெரியபாளையத்திலும் முடிகாணிக்கை செலுத்துவோர் புது பிளேடா என்று கேட்டுப் பார்த்தே தலையைக் கொடுக்கிறார்கள். அலகைத் தூய்மைப்படுத்துவதற்குப் பதில் அலகையே தூக்கியெறிவது என்ற இந்த விடை, இதுவரை சொல்லப்பட்டவற்றுள் ஐயத்துக்கிடமின்றி வலிமையானது. பழைய பிடியைக் காக்கவேண்டுமா என்ற கவலையும் அத்தோடு மறைந்தது. இப்போதைய பிடி எஃகு அல்லது பிளாஸ்டிக்.

ஆனால் கேள்வி மறையவில்லை, இடம் மாறியது. முன்பு மருந்திலிருந்து காப்பாற்றவேண்டியதாக இருந்த பிடி, இப்போது மருந்து எட்டவேண்டிய இடமாகிவிட்டது. பிளேடைக் கவ்வும் தாடையின் பள்ளத்தை அருகில் பார்த்தால், உலர்ந்த நுரை வெண்பொருக்காக ஒட்டியிருப்பதையும் அதில் மயிர்த்துணுக்குகள் புதைந்திருப்பதையும் காணலாம். கன்னத்தில் கசிந்த இரத்தம் பிளேடின் அடிவழியாக அந்தப் பள்ளத்துக்குள்தான் இறங்குகிறது. அடுத்தவருக்குப் புதிய பிளேடு செருகப்படும்போது அதன் பின்விளிம்பு அதே பொருக்கின்மீது உட்காருகிறது. நுரையும் நீரும் படிந்த கையால் பிடியைப் பற்றியிருக்கும் தொழிலாளியின் விரலில் ஒரு சிறு வெட்டு இருந்தால் பாதை இருவழியாகிறது. முதல் உலகப்போர்க் காலத்தில் மலிவான குதிரைமயிர்ச் சவரத் தூரிகைகள் வழியே ஆந்த்ராக்ஸ் பரவிய வரலாறு இங்கே நினைக்கத்தக்கது: எல்லோரும் அலகை ஐயுற்றிருந்தபோது நோய் வந்தது தூரிகையிலிருந்து.

ஸ்பால்டிங் முறை பிடிக்குத் தந்த கீழ்ப்படி, ஆகவே, பிடியின் வெளிப்புறத்துக்கு மட்டுமே பொருந்தும். ஆணியிடுக்கையும் தாடைப்பள்ளத்தையும் அலகின் படியிலேயே வைத்து நடத்துவதே பாதுகாப்பானதாகத் தோன்றுகிறது. அப்படி நடத்த வலுவான மருந்தைவிடத் துப்புரவே முதன்மையானது. ஹெபடைடிஸ் பி வைரஸ் கொழுப்புறை உடையதாகையால் வழக்கமான மருந்துகளுக்கே பணியும். அது தப்பிப்பது உலர்ந்த பொருக்கின் அடியில் ஒளியும்போதுதான். பழைய பல்துலக்கி ஒன்றால் தாடையைத் திறந்து தேய்த்து, சோப்பு நீங்க அலசி, துடைத்து, பிறகு மருந்திலிடுவது என்ற வரிசை எஃகுப் பிடிக்கு எந்தத் தீங்கும் செய்யாது. கொம்பு, செல்லுலாயிடு, தந்தப் பிடிகளுக்கு அலகை மட்டும் மருந்தில் ஊறவிட்டுப் பிடியை நீருக்கு வெளியே நிறுத்துவதும், ஆணியிடுக்கை நனைத்த பஞ்சுத்திரியால் துடைத்து உடனே உலர்த்துவதும் இயலக்கூடியவை. ஆயினும் இடுக்கின் உட்புறம் முழுதும் தூய்மையானதாக இவற்றால் உறுதி கூற இயலாது. அதனால் அத்தகைய கத்தி ஒருவருக்கே உரியதாக இருப்பது நல்லது.

முடிவாகாதவை

வேதியியல் பக்கத்தில் கேள்வி ஏறத்தாழ தெளிந்துவிட்டது என்று சொல்லலாம். பிடியைக் கெடுக்காமல் வித்துவரை அழிக்கும் தாழ்வெப்ப முறைகளும், எத்திலீன் ஆக்சைடு வளியும் ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மாவும், மருத்துவமனைகளில் உள்ளன. சவரக்கடைக்கு அவை எட்டாக்கனி. எஞ்சி நிற்பவை நேரமும் செலவும் பற்றிய கேள்விகள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய்க்கண்டிகைத் தொழிற்பூங்காவிலும் வாரம் முழுக்க ஷிப்டில் உழைப்பவர்கள் ஞாயிறன்று ஊத்துக்கோட்டை போன்ற ஊர்களின் கடைகளில் சேரும்போது, ஒற்றைக் கத்தியை வைத்திருப்பவரிடம் பத்து நிமிட மூழ்கலை எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. ஒரு நாற்காலிக்கு மூன்று கத்தி என்ற சுழற்சி அந்தப் பத்து நிமிடத்தைத் தரும். அந்தக் கூடுதல் செலவைத் தனிக்கடைக்காரர் ஏற்பதா, தொழிற்சங்கமோ உள்ளாட்சியோ பகிர்வதா என்பது இன்னும் பேசப்படாதது.

தொழிலாளியின் பாதுகாப்பும் அவ்வாறே. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி குழந்தைகளுக்கான தேசியத் திட்டத்தில் 2002இல் முன்னோட்டமாகத் தொடங்கி 2011இல்தான் நாடு முழுமைக்கும் விரிந்தது. இன்று நாற்காலியின் பின்னே நிற்பவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் பிறந்தவர்கள். 2018இல் தொடங்கிய தேசிய ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் வழியே இவர்களுக்குத் தடுப்பூசி சேர்ந்தால், எந்தக் குப்பியும் தராத காப்பு கிடைக்கும். அரைபிளேடு எங்கே போகிறது என்ற கேள்வியும் எஞ்சி நிற்கிறது. ஒருவர் கன்னத்தில் பட்டு, கடைக்கோடியிலுள்ள தகரடப்பாவில் விழுந்து, அங்கிருந்து மயிரோடு சேர்த்துக் குப்பைப் பைக்குள் கொட்டப்படும் அந்த எஃகுத் துண்டை மறுநாள் காலை கையால் தரம்பிரிப்பவர் பேரூராட்சியின் தூய்மைப் பணியாளர். தகரடப்பாவின் மூடியில் ஒரு கீறல் இட்டு, நிரம்பியதும் ஒட்டி மூடி, தனியே ஒப்படைக்கும் ஏற்பாட்டுக்குப் பெரிய செலவில்லை; அதைப் பெற்றுக்கொள்ள ஓர் இடம் மட்டும் வேண்டும்.